யார் செய்தது?

புதுச்சேரி நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ ஒரு கைவினைக் கடைக்குள் நுழைந்து, அலமாரியில் நிற்கும் சுடுமண் பிள்ளையாரைக் கையில் எடுத்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "வில்லியனூர்லேர்ந்து வருதுங்க." ஊர் தெரிகிறது, விலை தெரிகிறது, ஆள் மட்டும் தெரிவதில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் குறியீடு காப்பது ஊரின் பெயரை. சக்கரத்தில் உட்கார்ந்து மண்ணைத் தூக்கியவரின் பெயரை அது பொட்டலத்தின்மேல் எழுதித் தராது. வில்லியனூர் மண்ணுக்காக முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது ஒரு பெயராவது வெளியே தெரிந்தது. அதே தெருக்களில் வேலை செய்யும் மற்றவர்கள் இன்னும் 'லோக்கல் ஆர்ட்டிசன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் இருக்கிறார்கள்.

தனிக் கலைஞர்களுக்காக இணையச் சந்தை தொடங்குகிறவர்கள் பலரும் இந்தக் கடையை அப்படியே திரைக்குள் தூக்கி வைக்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும், லோகோ அழகாக இருக்கும், படத்துக்குக் கீழே 'ஹேண்ட்மேட் இன் பாண்டிச்சேரி' என்றிருக்கும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நான்கு வருடம் ஓவியம் படித்து வெளியே வந்த பெண்ணின் பெயர், மூன்று முறை சொடுக்கினால் எங்கோ ஓர் ஓரத்தில் தென்படும். பிராண்ட் என்றால் சந்தையின் பெயரை நிலைநாட்டுவது என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. கலைஞரின் பெயர் பெரிதாகவும் சந்தையின் பெயர் சிறிதாகவும் இருக்க வேண்டும். இதைக் கொள்கையாகப் பேசுவது எளிது. கமிஷன், பெட்டி, வரி, படம் என்று ஒவ்வொன்றிலும் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

ஒளிப்பதா, காட்டுவதா

எல்லாச் சந்தைக்கும் ஒரு நாள் வரும். முதல் நூறு விற்பனை முடிந்திருக்கும். ஒரு வாங்குபவர், தான் வாங்கிய ஓவியத்துக்கு ஜோடியாக இன்னொன்று வேண்டும் என்று கலைஞரை நேரடியாகத் தேடிப் பிடித்து, ஜிபேயில் பணம் அனுப்பி வாங்கிவிடுவார். தளத்துக்கு அதில் ஒரு பைசா வராது. அன்றைக்கு எடுக்கும் முடிவுதான் அந்தச் சந்தையின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

வழக்கமான முடிவு ஒளிப்பது. உரையாடல் பெட்டியில் பத்து இலக்க எண் வந்தால் நட்சத்திரக் குறியாக மாற்றும் நிரலை எழுதுவார்கள். கலைஞரின் முழுப்பெயரை எடுத்துவிட்டு முதற்பெயரை மட்டும் விடுவார்கள். படத்தில் கையெழுத்து விழும் மூலையை வெட்டுவார்கள். கொஞ்ச நாள் அது வேலை செய்யும். பிறகு கலைஞர்களே பெட்டிக்குள் விசிட்டிங் கார்டு போடத் தொடங்குவார்கள். அதைப் பிடிக்க ஒரு விதி, விதியை மீறினால் அபராதம். இப்படியே போய், யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களையே காவல் காக்கும் வேலையாக அது மாறிவிடும். பெயரை ஒளித்தால் இன்னொரு நட்டமும் உண்டு. வாங்குபவர் திரும்பி வருவதற்குக் காரணமே அந்தப் பெயர்தான். 'கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் வரைந்த அந்தப் படகு ஓவியம்' என்று தேடுகிறவருக்குத் தளத்தின் பெயர் நினைவில் இருக்காது.

காட்டுவது என்று முடிவெடுத்தால் கமிஷனின் பொருளே மாறிவிடும். அறிமுகம் செய்து வைத்ததற்கான கூலியாக இருந்தது, வேலைக்கான கூலியாகிறது. படம் எடுப்பது, பெட்டி கட்டுவது, கூரியர் ஒப்பந்தம், உடைந்தால் ஈடு, வரிக் கணக்கு, திருப்பி அனுப்புகிறவரோடு பேசுவது ஆகியவைதான் அந்த வேலை. புது வாங்குபவர் தளத்தின் வழியாக வந்தால் 20 சதவீதம். அதே வாங்குபவர் அதே கலைஞரிடம் மறுபடி வாங்கினால் 8. கலைஞரே அழைத்து வந்த வாங்குபவருக்கும் அதே 8. இப்படி அடுக்கி வைத்தால், இரண்டாம் விற்பனையையும் கலைஞர் தளத்துக்கே கொண்டுவருவார். ஏனென்றால் 8 சதவீதத்துக்குப் பெட்டியும் கூரியரும் உடைசல் பொறுப்பும் வெளியே கிடைக்காது.

20 என்று சொல்வதிலும் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 4,000 ரூபாய் ஓவியத்துக்குக் கமிஷன் 800. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 144. கலைஞர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அந்த 144ஐ அவர் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அவர் கைக்குப் போவது 3,056. ஆக, அவருக்கு உண்மையான கமிஷன் 23.6 சதவீதம். அதையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் பட்டுவாடா வந்ததும் அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார். அப்போது தெரிவதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது. தளத்தின் பக்கம் பார்த்தால், அந்த 800இலிருந்து, பணம் பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வேக்கு விலையில் 2 சதவீதம் என்று 80 போகும். பெட்டிக்கும் உள்ளே வைப்பதற்கும் 150 என்று வையுங்கள். இருபத்தைந்தில் ஒன்று உடைந்து, கலைஞருக்கு முழுப்பணமும் தந்தால், ஒரு விற்பனைமேல் 122 ரூபாய் ஏறும். மிச்சம் கிட்டத்தட்ட 450. படமெடுப்பவர் சம்பளம், சர்வர், விளம்பரம் எல்லாம் அதற்குள்தான். இதனால்தான் விலை 800 ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளைத் தனியாக விற்காமல், இரண்டு மூன்றாகச் சேர்த்து விற்க வேண்டியிருக்கிறது.

பணம் நிறுவனரின் வங்கிக் கணக்குக்கு வந்து, பிறகு அவர் மனம் வைத்துக் கலைஞருக்கு அனுப்புவது என்ற ஏற்பாடு கூடவே கூடாது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர்கள், அதாவது கடைகளுக்காகப் பணம் பெற்றுத் தரும் நிறுவனங்கள், பணத்தைப் பிரித்து அனுப்பும் வசதி தருகிறார்கள். கலைஞரின் பங்கு அவர் கணக்குக்கு நேராகப் போகும்படி அமைக்கலாம். பொருள் போய்ச் சேர்ந்த ஏழாம் நாள் பட்டுவாடா என்று வைத்தால் உடைசல் புகாருக்கும் நேரம் கிடைக்கும். கேஷ் ஆன் டெலிவரி ஓவியத்துக்கு வேண்டாம். கதவைத் திறக்காத வீட்டிலிருந்து திரும்பிவரும் பெட்டி இரண்டு பயணம் செய்திருக்கும், இரண்டு கட்டணம் கேட்கும்.

நடுவே ஓடும் எல்லைக்கோடு

புதுச்சேரியில் இதைத் தொடங்குகிறவர்களுக்கு இடம் சார்ந்த ஒரு சிக்கல் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் இணையத் தளம் வழியாகப் பொருள் விற்கலாம். பான் எண்ணோடு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் நிபந்தனை, விற்பனை ஒரே மாநிலத்துக்குள் அல்லது ஒரே ஒன்றியப் பகுதிக்குள் இருக்க வேண்டும். கடலூர்க் கலைஞருக்கு இது வரம். சென்னை, கோவை, மதுரை எல்லாம் அவருக்கு உள்மாநிலம். பதிவுக்கான விற்றுமுதல் வரம்பும் 40 லட்சம். வில்லியனூர்க் கலைஞருக்கு வரம்பு 20 லட்சம். அவர் தளம் வழியாகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமுக்கும் மாஹேவுக்கும் விற்கலாம், பக்கத்துக் கடலூருக்கு விற்க முடியாது. புதுச்சேரியின் பாகூரிலிருந்து கடலூருக்கு டவுன் பஸ்ஸில் போகிற பொட்டலம் சட்டத்தின் கண்ணில் வெளிமாநில வணிகம்.

இதற்கு வழி இருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்தில் பதிவு இல்லாத கலைஞரிடமிருந்து, தளமே பொருளை விலை கொடுத்து வாங்கி, தன் பதிவின் கீழ் விற்பது ஒன்று. அப்போது கலைஞருக்குப் பணம் முன்பே போய்விடும். விற்காமல் தேங்கினால் சுமை தளத்துக்கு. ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால் இந்த வழி முன்பைவிடத் தாங்கும். இன்னொன்று, நல்ல விற்பனை உள்ள கலைஞரைப் பதிவு எடுக்கச் சொல்லி, மாதக் கணக்கைத் தளமே தாக்கல் செய்து கொடுப்பது. பதிவு பெற்றவரின் விற்பனையில் தளம் 0.5 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது கலைஞரின் கணக்கில் வரவாகத் தெரியும், அதை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாமல் பணம் அங்கேயே கிடக்கிறது. தளத்துக்கு விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 'முதல் ஒரு வருஷம் பார்த்துட்டு எடுத்துக்கலாம்' என்பது நடக்காது.

பெட்டிதான் வாசல்

ஒரு கலைப் பொருளை இணையத்தில் வாங்குகிறவர் முதலில் தொடுவது அட்டைப்பெட்டியை. பிராண்டுக்குச் செலவழிக்க ஒரு தொகை இருந்தால் பாதியை இங்கே போடுங்கள் என்பேன்.

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோவையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார். 24க்கு 18 அங்குலக் கேன்வாஸ் ஒன்றைச் சட்டத்தோடு, சுற்றிலும் 5 செ.மீ. இடம் விட்டுப் பெட்டி கட்டினால் 71, 56, 14 செ.மீ. ஆகும். கணக்குப்படி 11 கிலோவுக்கு மேல். தராசில் நிறுத்தால் 3 கிலோகூட இருக்காது. அதே கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, 10 செ.மீ. விட்டமுள்ள 60 செ.மீ. குழாயில் சுருட்டி அனுப்பினால் 1.2 கிலோ. வித்தியாசம் பத்து மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே ஓவியர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டியது: வரையும்போதே நான்கு பக்கமும் 5 செ.மீ. வெறும் கேன்வாஸ் விடுங்கள். வாங்குபவர் தன் ஊரில் சட்டம் போட்டுக்கொள்வார்.

சுருட்டுவதிலும் முறை உண்டு. வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கம் வைத்தால் வண்ணப்படலம் நசுங்கி, பிரிக்கும்போது வெடிக்கும். அக்ரிலிக் வெயிலில் இளகும். சித்திரை, வைகாசியில் மூடிய வேனுக்குள் கிடக்கும் குழாயில், வண்ணத்தின்மேல் நேராகப் பட்ட பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு உரியும். பபுள் ராப் பட்டால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளை முதலில் வைத்து, அதன்மேல்தான் மற்றதெல்லாம். தடித்த எண்ணெய் வண்ண ஓவியத்தைச் சுருட்டவே கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆறு மாதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதற்குப் பெரிய பெட்டிக் கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சுடுமண் வேறு கதை. குதிரை உடைவது வயிற்றில் இல்லை. காதிலும் காலிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும்தான். பலர் வெளியே மட்டும் பத்துச் சுற்று சுற்றி, கால்களுக்கு நடுவே காற்றாக விட்டுவிடுகிறார்கள். முதலில் கால் இடுக்கிலும் கழுத்துக்குக் கீழும் கசக்கிய தாளை இறுக்காமல் நிரப்பி, உருவத்தை ஒரு முட்டை போல மழுங்கலாக்கிவிட வேண்டும். அதன்மேல் சுற்று, உள்பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு, பிறகு ஐந்தடுக்கு வெளிப்பெட்டி. ஒவ்வொரு புது வடிவத்துக்கும், சூளையில் கோணிப்போன ஒன்றை வாங்கிப் பெட்டி கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் ஒரு மூலையும் தரையில் விழும்படி போட்டுப் பாருங்கள். தப்பித்தால்தான் அந்தப் பொருளைத் தளத்தில் ஏற்ற வேண்டும். 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை.

இரண்டு அடிக்கு மேல் போகும் உருவங்களுக்குத் தலையைத் தனியாகச் செய்து பொருத்தும்படி கலைஞரோடு பேசலாம். பெரிய உருவங்களைப் பகுதி பகுதியாகச் செய்வது அவர்களுக்குப் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. சுடுமண் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் மூடினால் டெல்லி போய்த் திறக்கும்போது வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். திருக்கனூர் பொம்மை எடை குறைவு, விழுந்தாலும் தாங்கும், ஆனால் ஈரம்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழை நாளில் பெட்டி கட்டும் வேலையை உலர்ந்த அறைக்கு மாற்றினால் போதும்.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்க வேண்டும். அதில் கலைஞரின் முழுப்பெயர், ஊர், பொருளின் பெயர், செய்த ஆண்டு, என்ன கொண்டு செய்தது, கையெழுத்து. கீழே சிறியதாகச் சந்தையின் பெயர். கலைஞர் விரும்பினால் அவர் எண்ணும்.

மஞ்சள் சுவர்

படம் எடுப்பதைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவரை விட்டுவிடுங்கள். புதுச்சேரிப் பொருள் என்றாலே அந்தச் சுவர்முன் வைத்துப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. சுவரின் மஞ்சள் வெளிச்சத்தில் கலந்து பொருளின்மேல் விழும். வெள்ளை கிரீம் நிறமாகும், நீலம் பச்சை பக்கம் சாயும். 'படத்தில் இருந்த நிறம் இல்லை' என்று திரும்பி வருவதில் பலவும் இந்த வகை. அதைவிட முக்கியம், எல்லாக் கலைஞரும் ஒரே சுற்றுலாப் படம் போலத் தெரிவார்கள். வெளிர் சாம்பல் பின்னணி, இரு பக்கமும் 45 பாகையில் ஒரே வகை விளக்கு, முதல் படத்தில், நிறத்தைச் சரிபார்க்க, சாம்பல் அட்டை ஒன்று. இவ்வளவு போதும். ஓர் அளவுகோலோ மனிதக் கையோ உள்ள படம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆறு அங்குலப் பொம்மையை ஓரடி என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அச்சுப் பிரதியும் விற்பதாக இருந்தால், ஏ3 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில், 4961க்கு 3508 பிக்சல் தேவை. தளத்தில் ஏற்றும் பிரதியின் நீளப்பக்கம் 1600 பிக்சலைத் தாண்ட வேண்டியதில்லை. பெரிய கோப்பை வெளியே விட்டால் யாரோ டி-ஷர்ட்டில் அடித்து காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விரித்திருப்பார்கள்.

பெயரும் சொல்லும் வாக்கும்

சந்தைக்குப் பெயர் வைக்கும்போது 'பாண்டி'யும் 'ஆர்ட்ஸ்'உம் சேர்ந்த பெயர்கள்தான் முதலில் தோன்றும். ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயரை வணிகக் குறியாகப் பதிவது கடினம். அந்தச் சொற்கள் எல்லோருக்கும் பொது. 'ஆரோ' என்று தொடங்குவதும் வேண்டாம். அரவிந்தர் ஆசிரமத்தையோ ஆரோவில்லையோ சேர்ந்தது என்ற எண்ணத்தை அது தரும், அந்த நம்பிக்கை நாம் சம்பாதித்தது அல்ல. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் வணிகக் குறிக்கான இணையவழி விண்ணப்பக் கட்டணம், ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகை) 4,500 ரூபாய். சந்தைச் சேவைக்கு 35ஆம் வகுப்பு. புதுச்சேரிக்கும் சென்னைப் பதிவகம்தான். தமிழில் லோகோ எழுதுகிறவர்கள், பதினாறு பிக்சல் சதுரத்திலும் பெட்டிமேல் குத்தும் ரப்பர் முத்திரையிலும் அது படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொம்பும் சுழியும் நிறைந்த சொல் அங்கே கறையாகிவிடும்.

பெயரைவிடப் பெரிய விஷயம், 'கையால் செய்தது' என்று தளம் கொடுக்கும் வாக்கு. கைவினைப் பொருள்களுக்கான அமெரிக்க இணையச் சந்தை எட்ஸி 2005இல் தொடங்கியபோது அந்த ஒரு வாக்கில்தான் நின்றது. 2013இல் வெளி உற்பத்தியாளர்களைக் கொண்டும் செய்யலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2022இல் கட்டணத்தை 5இலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது விற்பனையாளர்கள் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் உடனடிக் காரணம். கைவேலைக்காரரும் மறுவிற்பனைக்காரரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவந்த கோபமும் அதில் இருந்தது. சிறிய சந்தை இதை முதல் நாளிலேயே பிரித்துவிடலாம். ஒருவரே முழுதாகச் செய்தது, பட்டறையில் பலர் கூடிச் செய்தது, அச்சுப் பிரதி என்று மூன்றே வகை. பட்டறை வேலை ஒன்றும் தாழ்ந்ததல்ல. அச்சில் வார்த்து, நான்கு பேர் தீட்டிய பொம்மைக்கு நான்கு பெயரும் எழுதலாம். அச்சுப் பிரதிக்கு ஐம்பதில் பன்னிரண்டாவது என்று எண் போட வேண்டும், ஐம்பதோடு நிறுத்தவும் வேண்டும்.

கலைஞரோடு போடும் ஒப்பந்தம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கிறது என்பதை அதில் எழுதுங்கள். வாங்குபவரின் ரசீதிலும் எழுதுங்கள். தளத்துக்குத் தேவை, விற்பனைக்காகவும் விளம்பரத்துக்காகவும் படத்தைக் காட்டும் அனுமதி மட்டுமே. 'எல்லா ஊடகத்திலும், என்றென்றும்' என்று எங்கிருந்தோ நகலெடுத்த வரி இருந்தால் அடித்துவிடுங்கள். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி.

கடைசியாக, ஒப்பந்தத்தில் பெரும்பாலோர் எழுதாமல் விடும் ஒரு பத்தி. கலைஞர் விலகினால் என்ன ஆகும்? அவருடைய பக்கத்தை ஏழு நாளில் இறக்க வேண்டும். நிலுவைப் பணம் அடுத்த பட்டுவாடாவிலேயே போய்விட வேண்டும். தளம் எடுத்த படங்களின் பெரிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் அவருக்குத் தர வேண்டும். வாங்கும்போதே 'இந்தக் கலைஞர் உங்களைத் தொடர்பு கொள்ளலாமா?' என்ற கட்டத்தில் சரி என்று குறித்தவர்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். அதனால் அந்தக் கட்டத்தை முதல் விற்பனைக்கு முன்பே பணம் செலுத்தும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பிறகு சேர்த்தால், அதற்குமுன் வாங்கிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.